சின்ன நாய்க்கு எந்தெந்த ஊசி: முடிவெடுப்பவரின் அறம்

ஒன்றரைக் கிலோ எடையுள்ள நாய்க்குட்டிக்கு எந்தெந்தத் தடுப்பூசி தேவை என்பது மேலோட்டமாகப் பார்த்தால் மருத்துவக் கேள்வி. அதன் மருத்துவப் பகுதிக்குப் பெரும்பாலும் விடை கிடைத்துவிட்டது. மிச்சமிருப்பது அறத்தின் பகுதி. ஊசியின் வலி குட்டிக்கு, செலவு வளர்ப்பவருக்கு, பலனோ சில ஊசிகளில் குட்டிக்கு, சில ஊசிகளில் தெருவில் விளையாடும் பிள்ளைக்கு. குட்டியிடம் சம்மதம் கேட்க வழியில்லை. அந்தப் பிள்ளையிடம் யாரும் கேட்பதில்லை. பேச முடியாத உயிருக்காக இன்னொருவர் முடிவெடுக்கும்போது அவருடைய அதிகாரம் எதுவரை செல்லும் என்பதே இங்கே ஆராய வேண்டியது.

கேள்வி எழும் இடம்

திருவள்ளூர் மாவட்டத்தில் இக்கேள்வி இரண்டு விதமாக எழுகிறது. திருவள்ளூர், காக்களூர், கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி குடியிருப்புகளில் பொமரேனியன், பக், ஷீட்சு, டாஷண்ட் போன்ற சிறு இன நாய்கள் வீட்டுக்குள் வளர்கின்றன. அவற்றுக்குப் பெயர் உண்டு, ஊசி அட்டை உண்டு, "இத்தனூண்டு குட்டிக்கு இவ்வளவு ஊசியா, டாக்டர்?" என்று கேட்க ஆளும் உண்டு.

சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 45 கி.மீ. தொலைவில், கொல்கத்தா நெடுஞ்சாலையை ஒட்டிய கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் நிலைமை வேறு. இரும்பு ஆலையோ ரசாயன ஆலையோ, கேட்டை ஒட்டி நாலைந்து நாய்கள் படுத்திருக்கும். லாரி எடை போடும் மேடையின் அடியில் குட்டி போடும். ஷிப்ட் முடிந்து அறைக்குத் திரும்பும் பீகார், ஒடிசா தொழிலாளியும் கேட்டில் நிற்கும் செக்யூரிட்டியும் மீந்த சோற்றைப் போடுவார்கள். இரவில் அந்நிய ஆள் வந்தால் குரைப்பதற்கு நிர்வாகத்துக்கும் அவை வேண்டும். ஊசி என்ற பேச்சு வரும்போது மட்டும் அவை யாருடையவையும் அல்ல.

வீட்டுக் குட்டி பற்றி எழும் கேள்வி, எதைப் போடலாம், எதை விடலாம் என்பது. கேட் குட்டி பற்றியதோ, போடும் கடமை யாருடையது என்பது. முதற்கேள்விக்கு விடை கண்டால்தான் இரண்டாவதற்குப் போக முடியும்.

ஊசிகளின் வகை

நாய்களுக்கான தடுப்பூசிகளை, எல்லா நாய்க்கும் கட்டாயமானவை, வாழும் சூழலைப் பொறுத்துத் தேவைப்படுபவை, பரிந்துரைக்கப்படாதவை என மூன்றாகப் பிரிப்பது உலக வழக்கம். உலகச் சிறுவிலங்கு கால்நடை மருத்துவச் சங்கம் 2024இல் புதுப்பித்த வழிகாட்டுதலும் இப்படியே பிரிக்கிறது. டிஸ்டெம்பர், அடினோ வைரஸால் வரும் கல்லீரல் அழற்சி, பார்வோ ஆகிய மூன்றுக்கான ஊசிகள் எங்கும் கட்டாயம். வெறிநோய் எனப்படும் ரேபிஸ் நிலவும் நாடுகளில் அதற்கான ஊசியும் இவற்றோடு சேரும். இந்தியா அத்தகைய நாடு. எலிக்காய்ச்சல் எனப்படும் லெப்டோஸ்பைரோசிஸுக்கான ஊசி சூழலைப் பொறுத்தது. ஆனால் அந்நோய் நிலைகொண்ட பகுதிகளில் அதையும் கட்டாயமாகக் கருத வேண்டும் என்கிறது 2024 வழிகாட்டுதல். கென்னல் காஃப் எனப்படும் தொற்று இருமலுக்கான ஊசி, நாய்கள் கூட்டமாகச் சேரும் காப்பகம், கண்காட்சி போன்ற இடங்களுக்குப் போகும் நாய்க்கு மட்டும். நாய்களின் குடலைத் தாக்கும் கொரோனா வைரஸுக்கான ஊசி பரிந்துரைக்கப்படவில்லை.

கடையிலும் மருத்துவமனையிலும் இவை தனித்தனியாகக் கிடைப்பது குறைவு. "ஃபைவ் இன் ஒன்", "செவன் இன் ஒன்", "நைன் இன் ஒன்" என்று கூட்டாகவே வருகின்றன. எண் கூடக் கூட ஊசி உயர்ந்தது என்ற எண்ணமும் பரவியிருக்கிறது. மேசையில் நடப்பதைக் கவனித்தால் தேர்வு எங்கே இருக்கிறது என்பது தெரியும். மருத்துவர் இரண்டு சிறு குப்பிகளை எடுக்கிறார். ஒன்றின் அடியில் வெள்ளைப் பொடி ஒட்டியிருக்கும். அது உலர்த்தப்பட்ட, வலுவிழக்கச் செய்த வைரஸ். இன்னொன்றில் அதைக் கரைக்கும் நீர். சில தயாரிப்புகளில் அது வெறும் நீர். பலவற்றில் எலிக்காய்ச்சலுக்கான மருந்தே கரைக்கும் நீராக இருக்கும். நீரை உறிஞ்சிப் பொடிக் குப்பிக்குள் செலுத்தி, கரையும்வரை உருட்டி, குட்டியின் கழுத்துக்குப் பின்னால் தளர்ந்த தோலைத் தூக்கிப் பிடித்து, 1 மி.லி. முழுவதையும் ஏற்றுகிறார். பிறகு குப்பியின் லேபிளை உரித்து அட்டையில் ஒட்டித் தேதி போடுகிறார். எலிக்காய்ச்சல் ஊசி அன்றைக்கு வேண்டுமா, அடுத்த முறை போதுமா என்ற முடிவு இரண்டாவது குப்பியை எடுக்கும் நொடியில் நிகழ்ந்துவிடுகிறது. வளர்ப்பவர் கேட்க வேண்டிய இடமும் அதுவே.

மூன்று அளவுகள்

மருத்துவம் கற்றவர் மூன்றைக் கணக்கில் கொண்டே செயல்பட வேண்டும் என்கிறது திருக்குறளின் 949ஆம் பாட்டு: நோயுற்றவரின் நிலை, நோயின் கடுமை, அதற்குரிய வேளை. அடுத்த பாட்டு, நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பார்ப்பவர் என்று மருத்துவத்தை நான்கு கூறாக்குகிறது. மனித நோயாளி தன் விருப்பத்தைத் தானே சொல்லுவார். நாய்க்குட்டியின் விஷயத்தில் நான்காவது ஆள்தான் முதலாமவருக்காகவும் பேச வேண்டியிருக்கிறது. அவர் தன் விருப்பத்தைச் சொல்கிறாரா, குட்டியின் நலனைச் சொல்கிறாரா என்பதைச் சோதிக்க இந்த மூன்று அளவுகள் பயன்படும்.

முதலாவது, நோயாளியின் நிலை. நாற்பது கிலோ ராட்வீலருக்கும் ஒன்றரைக் கிலோ சிவாவாவுக்கும் ஒரே அளவு ஊசி போடுவது பலருக்கு அநியாயமாகப் படுகிறது. மாத்திரையும் டானிக்கும் எடைக்கேற்ப மாறும், தடுப்பூசி மாறாது. உடல் முழுவதும் பரவிக் குறிப்பிட்ட செறிவில் நின்று வேலை செய்யும் பொருள் அல்ல அது. நோய் எதிர்ப்பு அணுக்களுக்கு எதிரியை அடையாளம் காட்டி அவற்றைத் தூண்டுவதற்கு ஒரு குறைந்தபட்ச அளவு வேண்டும். அந்த அளவு உடலின் பருமனைப் பொறுத்ததல்ல. எனவே பாதி ஊசி போட்டால் பாதிப் பாதுகாப்பு கிடைக்கும் என்று கணக்கிட முடியாது. பாதுகாப்பே கிடைக்காமலும் போகலாம்.

எனினும் சின்ன நாய்க்காரரின் பயம் ஆதாரமற்றது அல்ல. அமெரிக்காவில் 12 லட்சத்துக்கும் அதிகமான நாய்களின் பதிவேடுகளை ஆராய்ந்து 2005இல் வெளியான ஆய்வு, ஊசி போட்ட மூன்று நாளுக்குள் 10,000 நாய்களில் ஏறத்தாழ 38 நாய்களுக்கு ஏதேனும் பக்கவிளைவு பதிவானதாகக் கண்டது. எடை குறையக் குறைய அந்த வாய்ப்பு கூடியது. பத்துக் கிலோவும் அதற்குக் கீழும் உள்ள நாய்களில், ஒரே வருகையில் கூடுதலாகப் போடும் ஒவ்வோர் ஊசியும் வாய்ப்பை 27 சதவீதம் உயர்த்தியது. முகம் வீங்குவது, அரிப்பு, வாந்தி, சோர்வு ஆகியவை வழக்கமாகத் தென்படும் விளைவுகள். உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை அரிது. இதிலிருந்து பெறப்படும் முடிவு தெளிவானது. உடல் சிறியது என்பதற்காக ஊசியைத் தவிர்க்கவோ அளவைக் குறைக்கவோ காரணமில்லை. ஒரே நாளில் குவிக்காமல் இடைவெளி விட்டுப் போடக் காரணம் இருக்கிறது. ஊசிக்குப் பின் அரை மணி நேரம் மருத்துவமனையிலேயே இருப்பதும், முன்பு ஒவ்வாமை வந்திருந்தால் மருத்துவரிடம் சொல்வதும் இதே எச்சரிக்கையின் பகுதிகள்.

இரண்டாவது, நோயின் கடுமை. பார்வோ 1978 வாக்கில் உலகெங்கும் பரவத் தொடங்கிய புதிய நோய். 1980களின் தொடக்கத்திலேயே சென்னையில் அறியப்பட்டுவிட்டது. வாந்தி, இரத்தக் கழிச்சல், நீரிழப்பு என்று சில நாளில் குட்டியைக் கொன்றுவிடும். அதன் வைரஸ் மண்ணில் பல மாதங்கள் உயிர்ப்போடு கிடக்கும். செருப்பில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள்ளும் வரும். வாசற்படி தாண்டாத குட்டிக்கு நோய் வராது என்ற நம்பிக்கை இதனால் நிற்பதில்லை. உடம்பில் கொழுப்போ சர்க்கரையோ சேமிப்பில்லாத சிறு இனக் குட்டிக்கு ஒருநாள் சாப்பாடு நின்றாலே இரத்தச் சர்க்கரை சரியும். உடல் சிறுத்திருப்பதே பார்வோ ஊசியை விடக்கூடாது என்பதற்கான காரணமும் ஆகிறது.

எலிக்காய்ச்சலின் கடுமை இடத்தைப் பொறுத்தது. எலியின் சிறுநீர் கலந்து தேங்கும் நீரே அதன் வழி. சென்னையும் சுற்றுப்புறமும் அந்நோய் நிலைகொண்ட பகுதிகள். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் மாதவரம் பால்பண்ணை வளாகத்தில் அதற்கென்றே ஆய்வகம் வைத்திருக்கிறது. 2015 டிசம்பர் மழையிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் திருவள்ளூர் மாவட்டத்துத் தெருக்களிலும் தொழிற்பேட்டைகளிலும் நீர் நின்றது. நாய்க்கு வரும் அதே கிருமி மனிதருக்கும் வரும். அடுக்குமாடியின் மூன்றாம் தளத்தை விட்டு இறங்காத ஷீட்சுவுக்கு இதைச் சற்றுத் தள்ளிப்போடலாம். எலி ஓடும் கிடங்கிலும் கால்வாய் ஓரத்திலும் திரியும் குட்டிக்குத் தள்ளிப்போட முடியாது. பாதுகாப்பு ஏறத்தாழ ஓராண்டே நிற்பதால் ஆண்டுதோறும், வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாகப் போடுவது பொருத்தம்.

ரேபிஸைப் பொறுத்தவரை அளவிட ஒன்றுமில்லை. அறிகுறி தோன்றிவிட்டால் நாயும் மனிதரும் பிழைப்பது கிட்டத்தட்ட இல்லை. இந்தியாவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 5,700 பேர் இந்நோயால் இறப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் அண்மைக்கால ஆய்வு மதிப்பிட்டது.

மூன்றாவது, வேளை. பிறந்த முதல் நாளில் குடிக்கும் சீம்பால் வழியாகத் தாயின் எதிர்ப்பொருள் குட்டிக்குச் சேர்கிறது. அது குட்டியைக் காக்கிறது. அதே காவல் ஊசி மருந்தையும் எதிரி என்று அழித்துவிடுகிறது. அது எந்த வாரத்தில் தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். ஆகவேதான் 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 2 முதல் 4 வார இடைவெளியில், 16 வாரம் நிறையும்வரை திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். பின்னால் போடுபவை முந்தைய ஊசிக்கு வலுச்சேர்ப்பவை என்பதைவிட, முந்தையது தவறியிருந்தால் அதைப் பிடிப்பதற்கானவை என்பதே சரி. "இரண்டு போட்டாச்சு, போதும்" என்று 10 வாரத்தில் நிறுத்துவது பலன் தரும் ஊசியை விட்டுவிடுவதாக முடியலாம். 16 வாரம் நிறைந்த பின் ஆறாம் மாதத்திலோ ஓராண்டிலோ ஒன்று. அதன்பின் டிஸ்டெம்பர், அடினோ, பார்வோ மூன்றுக்கும் மூன்றாண்டுக்கு ஒருமுறைக்கு மேல் தேவையில்லை என்பது உலக வழிகாட்டுதல். ரேபிஸ் ஊசி 12 வாரத்தில் தொடங்கி, இங்குள்ள வழக்கப்படி ஆண்டுதோறும்.

எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகள் சொல்கின்றன. பல்லாவரம் வெள்ளிச் சந்தையானாலும் தெருமுனைக் கடையானாலும் விதி ஒன்றே. குட்டியின் வயதைப் பொய்யாகச் சொல்லி விற்றால் வாங்கியவரின் ஊசிக் கணக்கே தவறிப்போகும்.

சமயம் எழுப்பும் ஆட்சேபங்கள்

ஊசிக்கு எதிரான முதல் ஆட்சேபம் விதி. "அதுக்கு என்ன எழுதியிருக்கோ" என்ற பேச்சு. இம்மாவட்டத்துச் சமய வாழ்வே இதற்குப் பதில் வைத்திருக்கிறது. 108 திவ்ய தேசங்களுள் ஒன்றான திருவள்ளூரில் பெருமாள் வைத்திய வீரராகவர். நோய் தீர வேண்டி அமாவாசை தோறும் கூடும் மக்கள் கோயில் குளத்தில் வெல்லம் கரைக்கிறார்கள். கிடந்த கோலத்துப் பெருமாளின் கை, தவமிருந்த சாலிஹோத்திர முனிவரின் தலைமேல் இருக்கிறது. இந்தியாவின் பழைய குதிரை மருத்துவ மரபும் சாலிஹோத்திரர் என்ற பெயரையே தன் ஆசிரியராகக் கொள்கிறது. பெரியபாளையத்தில் பவானி அம்மனுக்கு வேப்பஞ்சேலை உடுத்திப் பிரார்த்தனை செலுத்துகிறார்கள். அம்மையைத் தெய்வத்தின் வருகையாகக் கண்ட மக்களே பெரியம்மைத் தடுப்பு ஊசியையும் ஏற்றார்கள். 1975க்குப் பின் இந்தியாவில் பெரியம்மை இல்லை. ஆடி மாதக் கூட்டம் பெரியபாளையத்தில் குறையவில்லை. வேண்டுதலும் மருந்தும் ஒன்றையொன்று விலக்குபவை அல்ல என்பது இங்கே நடைமுறையில் தீர்ந்த விஷயம். ஊழுக்கு ஓர் அதிகாரம் வகுத்த குறளே விடாமுயற்சிக்கும் ஓர் அதிகாரம் தருகிறது. தவிரவும், தனக்கு வரும் நோயை விதி என்று ஒருவர் ஏற்றுக்கொள்ளலாம். தன்னை நம்பியிருக்கும் உயிருக்கு வரும் நோயை அப்படி ஏற்பது பொறுமையில் சேராது.

இரண்டாவது ஆட்சேபம் இயற்கை. தெருநாய்கள் ஊசியில்லாமல் வாழவில்லையா என்பது. கண்ணில் படுபவை பிழைத்தவை மட்டுமே. மேற்கு வங்கத்தில் தெருநாய்களின் 364 குட்டிகளைத் தொடர்ந்து கவனித்து 2016இல் வெளியான ஆய்வில், இனப்பெருக்க வயதை எட்டியவை 19 சதவீதம். இயற்கையின் போக்கில் விடுவது என்பதன் பொருள் இந்த எண்தான்.

மூன்றாவது ஆட்சேபம் அகிம்சை, கனமானதும் இதுவே. தடுப்பூசியின் வரலாற்றில் விலங்கின் துன்பம் கலந்திருக்கிறது. 1885 ஜூலை 6 அன்று பாரிசில் லூயி பாஸ்டர் ஒன்பது வயதுச் சிறுவனுக்குப் போட்ட முதல் ரேபிஸ் ஊசி, முயல்களின் முதுகுத்தண்டிலிருந்து வந்தது. கசௌலியில் டேவிட் செம்பிள் 1911இல் உருவாக்கிய மருந்து ஆட்டு மூளையில் தயாரானது. இந்தியாவில் 2004 வரை அவ்வகை மருந்து பயன்பாட்டில் இருந்தது. இப்போதைய மருந்துகள் ஆய்வகத்தில் வளர்க்கும் உயிரணுக்களில் உருவாகின்றன. ஆனாலும் வீரியத்தைச் சோதிக்க எலிகள் நெடுங்காலம் பயன்பட்டு வருகின்றன. காந்தி பெரியம்மைத் தடுப்பு ஊசியை எதிர்த்ததற்கு அவர் சொன்ன காரணங்களில் ஒன்று, குற்றமற்ற விலங்கின் உடலிலிருந்து எடுத்ததை உடலில் ஏற்றுவது சமய நெறிக்கு ஒவ்வாது என்பது.

சென்னைக்கு வடக்கே புழலில் பழைய ஆதிநாதர் கோயிலைக் கொண்ட சமணம் இக்கேள்வியைக் கூர்மையாகப் பார்க்கும் மரபு. உயிர்களை ஓரறிவு முதல் ஐந்தறிவு வரை அது வகைப்படுத்துகிறது. தொல்காப்பிய மரபியலும் இதையொத்த வரிசையை ஆறறிவுவரை கொண்டு செல்கிறது; இரண்டிலும் நாய் ஐந்தறிவு உயிர். இல்லறத்தார் செய்ய நேரும் வன்செயலைச் சமணம் நான்காகப் பிரிக்கிறது: வேண்டுமென்றே செய்வது, வீட்டு வேலையில் நேர்வது, தொழிலில் நேர்வது, தற்காப்பில் நேர்வது. முதலாவதை முற்றாக விலக்கச் சொல்லி, மற்றவற்றைக் கூடியவரை குறைக்கச் சொல்கிறது. இந்த அளவுகோலில் தடுப்பூசி தற்காப்பின் பக்கம் சேரும். ஆட்சேபம் முழுவதும் கரைந்துவிடவில்லை. அது திசை மாறுகிறது. தேவையற்ற ஊசியை மறுப்பதும், எலியில்லாத சோதனை முறைகளுக்கு மாறும்படி கேட்பதும் அகிம்சையின் பக்கமே. ரேபிஸ் ஊசியை மறுப்பது அப்படியல்ல. ஊசியின் வலியைத் தவிர்த்து வெறிநோயின் வலியை ஏற்பது துன்பத்தைக் குறைக்கவில்லை. தான் செய்யும் துன்பத்தைத் தான் காணாத துன்பமாக மாற்றுகிறது.

நாயின் தகுதியும் அடைக்கலமும்

சமய மரபுகள் நாய்க்குத் தரும் இடம் ஒருசீரானது அல்ல. சைவத்தில் நாய் பைரவரின் வாகனம். திருவாசகத்திலோ அடியவர் தம்மை நாயினும் கீழாகச் சொல்லிக்கொள்கிறார். இஸ்லாத்தில் ஷாஃபி நெறியினர் நாயின் எச்சில் பட்ட பாத்திரத்தை மண் கொண்டு ஒருமுறை உட்பட ஏழு முறை கழுவ வேண்டும் என்கின்றனர். தாகத்தில் மண்ணை நக்கிய நாய்க்குத் தன் காலணியில் கிணற்று நீர் முகந்து கொடுத்தவரின் பாவம் மன்னிக்கப்பட்டது என்ற நபிமொழியும் அதே மரபில் இருக்கிறது. நாயைத் தொடலாமா, வீட்டுக்குள் விடலாமா என்பதில் மரபுகள் வேறுபடுகின்றன. அதைத் துன்பத்தில் விடலாமா என்பதில் வேறுபடவில்லை. கடமை நாயின் தகுதியிலிருந்தும் வருவதில்லை, அதன்மேல் உள்ள பிரியத்திலிருந்தும் வருவதில்லை என்பது இதனால் தெளிவாகும்.

எதிலிருந்து வருகிறது என்பதற்கு மகாபாரதம் இரண்டு கதைகள் வைத்திருக்கிறது. தொடக்கத்தில், ஜனமேஜயனின் வேள்விக்களத்துக்கு வந்த நாய்க்குட்டி ஒன்றை அவன் தம்பியர் அடித்து விரட்டுகிறார்கள். வேள்விப் பொருளை அது நக்கவுமில்லை, பார்க்கவுமில்லை. தாய் சரமை வந்து காரணம் கேட்கிறாள். யாரும் பதில் சொல்லவில்லை. எதிர்பாராத இடத்திலிருந்து அச்சம் வரும் என்று சபித்துவிட்டுப் போகிறாள். முடிவில், தன்னைத் தொடர்ந்து வந்த நாயை விட்டுவிட்டுச் சொர்க்கம் புக தருமன் மறுக்கிறான். அண்டி வந்ததைக் கைவிடுவது பெரும்பாவம் என்பது அவன் வாதம். ஒரு கதை குற்றமற்ற சிறிய உயிருக்குக் காரணமின்றித் தீங்கிழைப்பதைக் கண்டிக்கிறது. இன்னொன்று நம்பி வந்ததை விடாதே என்கிறது. வளர்ப்பவருக்கு இரண்டும் சேர்ந்தே பொருந்தும். தேவையற்ற ஊசி காரணமற்ற தீங்கு. தேவையான ஊசியை மறுப்பது கைவிடல்.

தன் நாய், பிறர் உயிர்

வளர்ப்பவரின் அதிகாரத்துக்கு எல்லை இங்கே வருகிறது. பார்வோ ஊசியை ஒருவர் மறுத்தால் முதல் இழப்பு அவருடைய குட்டிக்கு. ரேபிஸ் ஊசியை மறுத்தால் இழப்பு அவர் வீட்டு வாசலோடு நிற்பதில்லை. சிறிய நாய் கடித்தால் என்ன ஆகிவிடும் என்ற அலட்சியம் பரவலானது. ரேபிஸ் கிருமிக்குக் கடியின் ஆழம் பொருட்டல்ல. பல் பட்டு இரத்தம் கசிந்தால் போதும். மடியில் கிடக்கும் நாய் முகத்துக்கும் கைக்கும் அருகில் இருப்பதால் அபாயம் கூடவும் செய்யும். நாய்க்கு ஊசி போட்டிருந்தாலும் கடிபட்டவர் காயத்தை 15 நிமிடம் சோப்புப் போட்டு ஓடும் நீரில் கழுவிவிட்டு உடனே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இந்தப் பொறுப்பைப் பற்றிய பெரிய விவாதம் ஓர் ஆலை வளாகத்தில் எழுந்தது. 1926இல் அகமதாபாத்தில் ஆலை அதிபர் அம்பாலால் சாராபாய் தம் வளாகத்தில் சுற்றிய ஏறத்தாழ 60 நாய்களைக் கொல்லச் செய்தார். ஊரே கொதித்தது. வேறு என்ன செய்திருக்க முடியும் என்று காந்தி அவர் பக்கம் நின்றார். யங் இந்தியா இதழில் தொடர்ந்து எழுதினார். உரிமையாளர் இல்லாத நாய் தெருவில் திரிவதே சமூகத்தின் குற்றம். எச்சில் சோற்றை வீசிவிட்டுத் தருமம் செய்ததாக எண்ணுவது போலி இரக்கம் என்பது அவர் வாதத்தின் சாரம். கொல்வதா, மனிதர் கடிபட விடுவதா என்ற இரண்டே வழிகளுக்குள் அன்றைய விவாதம் நின்றது. நாய்களுக்கு ஒரே ஊசியில் ரேபிஸைத் தடுக்கும் முறையை ஜப்பானில் உமெனோவும் டோயும் 1921லேயே வெளியிட்டிருந்தார்கள். மூன்றாவது வழி இருக்கும்போது முதலிரண்டில் ஒன்றைத் தேர்வது அறத் தடுமாற்றம் ஆகாது. அது வெறும் கவனக்குறைவு. சென்னை மாநகராட்சி நாய்களைக் கொல்லும் முறையிலிருந்து 1996இல் கருத்தடைக்கும் ஊசிக்கும் மாறியபோது, புளூ கிராஸ் அமைப்பு முப்பதாண்டுக்கு மேல் வலியுறுத்திவந்த இந்த மூன்றாவது வழியே வென்றது.

யாருடையதும் அல்லாத குட்டி

சிப்காட் கேட்டில் கிடக்கும் குட்டிக்கு வந்தால், மருத்துவ அளவே மாறுகிறது. தனி நாயைப் பார்க்கும் மருத்துவர் ரேபிஸ் ஊசிக்கு 12 வாரம்வரை காத்திருப்பார். பெருந்திரள் முகாமில் மூன்று மாதம் நிறையாத குட்டிகளுக்கும் போட்டுவிட வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். மறுபடி அந்தக் குட்டி கையில் கிடைக்கும் என்பது நிச்சயமில்லை. ஒரு பகுதியின் நாய்களில் 70 சதவீதத்துக்கு ஊசி போட்டால் நோய்ப்பரவல் அறுபடும் என்பது முகாம்களின் கணக்கு. நாய்வழி ரேபிஸ் மரணத்தை 2030க்குள் ஒழிக்கும் தேசியச் செயல்திட்டமும் இதையே அடிப்படையாகக் கொண்டது. பத்து நாய்களில் ஏழு என்னும் இந்த இலக்கு வீட்டு நாய்களால் மட்டும் எட்டப்படுவதில்லை.

சட்டம் இதில் ஓரளவு வழிகாட்டுகிறது. 2023ஆம் ஆண்டின் விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள், தெருநாய்களுக்குக் கருத்தடை செய்து ஊசி போட்டுப் பிடித்த இடத்திலேயே விடும் பொறுப்பை உள்ளாட்சி அமைப்புகளுக்குத் தருகின்றன. டெல்லி தெருநாய்கள் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 22 அன்று, வெறிநோய் கண்டவை, மூர்க்கமானவை நீங்கலாக மற்றவற்றை ஊசி போட்டு அதே பகுதியில் விடலாம் என்று முந்தைய உத்தரவைத் திருத்தியது. உள்ளாட்சியின் வண்டி வரும்வரை காத்திருப்பது சட்டப்படி போதுமானதாக இருக்கலாம், அறப்படி போதாது. நாயின் குரைப்பை இரவுக் காவலாகப் பெறும் நிர்வாகமும் அதற்குச் சோறு போட்டுப் பழக்கிய தொழிலாளியும் அதன் அண்டுதலை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். பலனைப் பெறுபவர் பொறுப்பிலிருந்து விலக முடியாது. தொழிலாளியின் பொறுப்பு, நாயை ஊசிக்குப் பிடித்துக் கொடுக்கும் அளவு. நிர்வாகத்தின் பொறுப்பு, செலவேற்று முகாமுக்கு ஏற்பாடு செய்யும் அளவு. நோய் வந்தால் முதலில் கடிபடப்போவது அந்தத் தொழிலாளியும் கேட்டில் நிற்பவரும்தான்.

தீர்ப்பு

எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் சின்ன நாயின் ஊசிகள் மூன்று வரிசையில் அமைகின்றன. ரேபிஸ் ஊசி வளர்ப்பவரின் விருப்பத்துக்கு உட்பட்டதல்ல. அதில் அவர் தன் நாய்க்காக மட்டும் முடிவெடுக்கவில்லை. டிஸ்டெம்பர், அடினோ, பார்வோ மூன்றும் நம்பி வந்த உயிருக்குச் செய்ய வேண்டிய கடன்; அதில் எப்போது, எத்தனை நாள் இடைவெளியில் என்று மட்டுமே பேச இடமுண்டு. எலிக்காய்ச்சல், கென்னல் காஃப் ஊசிகள் குட்டி வாழும் இடத்தைக் கண்ணால் பார்த்து மருத்துவரோடு பேசித் தீர்மானிக்க வேண்டியவை. திருவள்ளூர், கும்மிடிப்பூண்டிப் பகுதியில் எலிக்காய்ச்சல் ஊசிக்கு ஆதரவாகவே தராசு சாயும். கொரோனா ஊசிக்குக் காரணம் இல்லை. இவை எதிலும் உடல் சிறுத்திருப்பது விலக்கு அல்ல. நிதானத்துக்கான காரணம் மட்டுமே.

பாஸ்டர் முதல் ஊசி போட்ட ஜூலை 6 உலக விலங்குவழி நோய்கள் நாள். அன்று தமிழகத்தின் அரசுக் கால்நடை மருத்துவமனைகளில் நாய்களுக்கு இலவச ரேபிஸ் ஊசி முகாம் நடத்துவது வழக்கம். வீட்டுக் குட்டியோடு போகிறவர்கள் கேட்டில் கிடக்கும் குட்டியையும் தூக்கிக்கொண்டு போகலாம்.